மன்னவா என்று அவள் அழைத்ததில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு இருபத்து நாலு வயது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்ற பையன்களுக்கு அப்போது இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று, நம் இங்கிலீஷ் கையெழுத்துக்கு ஈடு இல்லை என்ற நினைப்பு. மற்றது கல்வெட்டு.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றிச் செய்யுளில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதற்கு அந்தப் பெயர். ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு, இறந்தவரின் குணம், அப்புறம் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரிசை மாறாமல் வரும். உயிரோடு இருந்தபோது பிச்சைக்காரனைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கூடக் கல்வெட்டில் வள்ளலாகிவிடுவார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதுதான் வழக்கம்.

எங்கள் பெரிய குமாஸ்தாவின் தகப்பனார் காலமானபோது அந்தக் கல்வெட்டை நான்தான் எழுதினேன். நாலு பேர் பாராட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது இருமினால்கூட அவருக்கு எந்தச் சந்தத்தில் எழுதலாம் என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

என் அக்காவின் கணவர் நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத்து ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கிற வேலை. ஒரு சனிக்கிழமை அவர் என் அறைக்கு வந்தார்.

"இந்த மழைக்குக் காய்ச்சல் பரவி ஒரு கிழமைக்குள்ள மூண்டு சனம் செத்துப் போச்சுது தம்பி. நீ எழுதின கல்வெட்டை நான் அங்கை வாசிச்சுக் காட்டினனான். தங்கட ஆக்களுக்கும் அப்பிடி ஒண்டு வேணுமாம். ஒருக்கா வந்து சனத்தோட கதைச்சிட்டு எழுது" என்றார்.

"பேரையும் வயசையும் தாங்கோ அத்தான். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் பேர்ப்பதிவில் இருந்ததை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். ஒருவர் முப்பது வயதுப் பால்வெட்டுக்காரர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். இன்னொருவர், தாய்மார் வேலைக்குப் போயிருக்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, ஐம்பது வயது. மூன்றாமவர் மாட்டு வண்டிக்காரர். கிளம்பும்போது அத்தான் ஒன்று சொன்னார். அந்தப் பால்வெட்டுக்காரரின் மனைவியையும் இரண்டு வயது மகளையும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அடுத்து வரும் வியாழக்கிழமைக் கப்பலில் இந்தியாவில் இருக்கும் ஊருக்குத் தோட்டத்தார் அனுப்புகிறார்களாம். கல்வெட்டு வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவள்தானாம்.

"அந்தாளின்ர படம் ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு முகம் நினைவிருக்காது. இந்தக் கடுதாசிதான் இருக்கப்போகுது" என்றார்.

இதைக் கேட்டு என் மனம் இளகியது உண்மை. இளகிய மனத்தோடு இரண்டே மாலையில் எழுதி முடித்தேன். சூலியா தெருவில் அச்சகம் வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரிடம் கொடுத்தேன். செலவு குறைய, ஒரே தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சு. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தம்பி, இந்த ஆளுங்களை நீங்க பாத்துப் பழகினதுண்டா?" என்று கேட்டார்.

"இல்லை பாய்."

"நல்லா எழுதியிருக்கீங்க லா" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு கிடையாது. அதனால் மூன்று பேருக்கும் அடுத்த வாரத்து ஞாயிறன்று ஒன்றாகவே காரியம் வைத்திருந்தார்கள். அச்சான தாள்களைக் கட்டாகக் கட்டி இடுக்கிக்கொண்டு, தீவிலிருந்து படகில் அக்கரைக்குப் போய், ரயில் பிடித்து நிபோங் திபாலில் இறங்கினேன். தோட்டத்து மாட்டு வண்டி காத்திருந்தது. ஓட்டியவர் புதியவர், சாதுவான மனிதர். "போ ராசா, போ சாமி" என்று மாடுகளைக் கெஞ்சினார். மாடுகள் அசையவில்லை. நடந்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன்னால், கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். படையல் முடிந்ததும் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர்கள் எல்லோரும் தரையில். நான் எழுந்து நின்று, ராகம் போட்டு வாசித்தேன். பால்வெட்டுக்காரரைப் 'பார் புகழும் வள்ளல்' என்றேன். வண்டிக்காரரை 'வசைமொழி அறியா வாயினன்' என்றேன். ஆயாவைக் 'கணவனைத் தெய்வமாய்த் தொழுத கற்பினள்' என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கம் தாளவில்லை என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் குழைத்தேன். கடைசியில் மனைவி புலம்பல். 'மன்னவா, நீயின்றி நம் மாளிகை இருண்டதே' என்று உருகி முடித்தேன்.

யாரும் அழவில்லை. பிறகு ஒருவர், "நல்லா இருக்குதுங்க ஐயா" என்றார். அவர் சொன்ன விதம், உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்ட விருந்தாளி சொல்கிற மாதிரி இருந்தது.

அப்போது முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் இளம்பெண் கேட்டாள். "ஐயா, இதுல எங்க வீட்டுக்காரரு எங்க வர்றாரு?"

அந்த இடத்தைக் காட்டி மறுபடி வாசித்தேன். கூர்ந்து கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"நான் அவர மன்னவான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்லீங்களே. 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு மாளிகை ஏதுங்க, இந்த ஒத்த அறைதான். நாளைக்கு இந்தப் புள்ள இதப் படிச்சுட்டு, தன் அப்பன் யாருன்னு நினைக்கும்?"

காது மடல்கள் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது. தாள்கட்டை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்துவிட்டேன். இவர்களுக்குச் செய்யுளின் அருமை தெரிந்தால் அல்லவா என்று அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"நீ எழுதினது வடிவாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆயா புருசனை விட்டிட்டுக் கப்பலேறி வந்தவ எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். வண்டிக்காரன்ர வாய்க்குப் பயந்து நான் ஜன்னலைப் பூட்டி வைக்கிறனான். அத்தான் உன்னை வந்து கதைக்கச் சொன்னவர் எல்லே?"

தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன். செய்யுள் தெரியாதவர்கள் என்று நான் ஏசியவர்கள் என்னிடம் செய்யுள் கேட்கவில்லை. தங்களுடைய மூன்று பேரைக் கேட்டார்கள். நான் அந்த மூவரையும் எடுத்துக்கொண்டு வேறு யாரோ மூவரைக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை அந்தக் குழந்தை கப்பலேறும்போது அதன் கையில் இருக்கப்போவது இந்தப் பொய்தான். அவமானத்தைவிட அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

திரும்பிப் போனேன். கொட்டகையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைக் கண்டதும் நின்றுபோனது. அந்த இளம்பெண் குழந்தைக்குச் சோறூட்ட உள்ளே போயிருந்தாள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நான் விட்டுப்போன தாள்கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, அச்சாகாத பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"தப்பு என்னுடையதுதான். அவங்க எப்படி இருந்தாங்கன்னு சொல்லுங்க. அதை எழுதுறேன்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செத்தவர்களின் குறையை எழுத்துக்கார ஐயாவிடம் சொல்லலாமா என்ற தயக்கம். கடைசியில் ஒருவர் வண்டிக்காரரிலிருந்து ஆரம்பித்தார்.

"அவரு வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதாங்க. அந்த மாட்டுங்க அதக் கேட்டே வளந்ததுங்க. மரியாதையாப் பேசினா தங்களத்தான் சொல்றாங்கன்னு அதுங்களுக்குத் தெரியல. நீங்க வந்த வண்டி எப்படிங்க வந்துச்சு?"

நான் பட்ட பாட்டைச் சொன்னேன். கொட்டகையே சிரித்தது. அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆயா ஆறு தொட்டில்களின் கயிற்றை ஒன்றாக முடிந்து கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவாளாம். அழுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் குழந்தை என்று சொல்வாளாம். தாய் வரத் தாமதமானால் வசவு விழும், ஆனால் பிள்ளை பசியோடு இருக்காது. புருஷனைப் பற்றிக் கேட்டால், "அந்த ஆளு அந்தக் கரையில, நான் இந்தக் கரையில. நடுவுல கெடக்குற கடலுக்கு ஒரு கும்பிடு" என்பாளாம். இதைச் சொன்ன பெண் சிரித்துக்கொண்டே வந்து, முடிக்கிற இடத்தில் அழுதுவிட்டாள். அவளுடைய நாலு பிள்ளைகளும் அந்தத் தொட்டிலில் வளர்ந்தவர்கள். என் செய்யுளுக்கு வராத அழுகை அது.

பால்வெட்டுக்காரரைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். சுதி சேராமல் பாடுவார். அப்படியும் திருவிழாவில் முதல் ஆளாகப் பாட எழுந்துவிடுவார். பெண் பிறந்ததும் லயத்தில் வீடு வீடாகப் போய்த் தானே சேதி சொன்னார். அட்டை என்றால் அலறுவார். இதெல்லாம் எழுதி முடிக்கும் நேரத்தில், அதுவரை பேசாமல் இருந்த கங்காணி தொண்டையைச் செருமினார். பால்வெட்டுக்காரர்களை மேய்த்து வேலை வாங்குகிறவர் அவர். கடுமையான ஆள் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

"அவன நான் ஏசாத நாளே இல்லீங்க. பேசிக்கிட்டே வெட்டுவான். கத்தி ஆழமா எறங்கி மரம் காயம் பட்டுரும். ஆனா அவன் நிரையில கடைசி மரம் ஒண்ணு மட்டும் பட்டையில ஒரு காயம் இருக்காது. ஏண்டான்னு கேட்டேன். மக பொறந்த அன்னிக்கு அந்த மரத்துக்கு அவ பேர வச்சானாம். அதுக்கு வலிக்குமாம். வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்கன்னான். நான் யாருகிட்டயும் சொல்லல. இப்பத்தான் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். பால்வெட்டுக்காரரைப் பற்றியதை மட்டும் நல்ல தாளில், பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போனேன். செய்யுள் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தேன். கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் தொங்கானுக்காக வெயிலில் நின்ற கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்தேன். இடுப்பில் குழந்தை, காலடியில் ஒரு மூட்டை. என்னைக் கண்டதும் தயங்கினாள். வாசிக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

அவர் சுதி சேராமல் பாடுவதைப் பற்றி வாசித்ததும் சிரித்தாள். அட்டைக்கு அலறுவார் என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அட்டைக்கு இல்லீங்க ஐயா, தவளைக்கு. தவளைன்னா வெக்கம்னு வெளிய அட்டைன்னு சொல்லிக்குவாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அங்கேயே மூட்டையின் மேல் தாளை வைத்து, 'அட்டை' என்ற சொல்லை அடித்துவிட்டுத் 'தவளை' என்று எழுதினேன். பிறகு கங்காணி சொன்னதை வாசித்தேன். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்த மரத்தின் கதை அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். இன்னொரு முறையும் கேட்டாள். மூன்றாவது முறை, பதினாறாம் நாள் காரியத்தில் அழாதவள் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஒங்கப்பாதான். இது ஒங்கப்பாவேதான்" என்றாள். குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டிலேயே கவனமாக இருந்தது. தொங்கான் வந்துவிட்டது. தாளை நாலாக மடித்து, ஒரு துணியில் சுற்றி மூட்டைக்குள் வைத்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குத்தான் திருப்பிக் கும்பிட வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நகல் எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. எத்தனையோ பேருக்கு இரங்கல் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றும் எழுத உட்காருமுன் இறந்தவரின் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் எதற்குப் பயப்படுவார் என்றுதான் முதலில் கேட்கிறேன். அவருடைய பெருமையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அவரோடு வாழ்ந்தவர் "இது அவரேதான்" என்று சொல்லாவிட்டால் நான் அவரை இரண்டாம் முறையும் சாகவிட்டவன் ஆவேன் என்ற பயம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.