கண் திறக்கும் முன்னே போனவன்

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கில் மாதம் ஒரு ஞாயிறு வாசிப்பு வட்டம் கூடும். இந்த முறை இரண்டு அறிவியல் நாவல்களை ஒப்பிட்டுப் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்தால் அந்த போன் ஞாபகம் வந்து தொலைக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன்.

போன் பாண்டிச்சேரியிலிருந்து. எங்கள் மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் சோதனைக்குழாய் முறையில் உருவானவள். அன்றைக்கு அவளோடு உண்டான கருக்களில் இரண்டு இன்னும் அங்கேயே உறைய வைக்கப்பட்டிருக்கின்றன. வைத்திருப்பதா, வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். போன் அடித்தால் என் கணவர் அதை என்னிடம் நீட்டுவார். நான் குக்கரைப் பார்க்கப் போய்விடுவேன். சர்ச் ஃபாதரிடம் கேட்கலாம் என்றால், மகளை எப்படிப் பெற்றோம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திருச்சபை ஏற்காத முறை அது; கோயிலில் யாருக்கும் தெரியாது. அந்த வாரம் முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அலசிய துணியையே திரும்ப அலசினேன்.

முதல் நாவலில் ஒரு டாக்டர் தண்ணீரில்லாத கிரகத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பெண் குழந்தையை உண்டாக்குகிறான். அது கண் திறக்கப் போகும் நேரத்தில் விண்கலம் ஏறிப் போய்விடுகிறான். இரண்டாவதில் ஒரு கம்பெனி சுரங்கம் வெட்டுவதற்கென்றே ஆட்களைச் செய்து இறக்குகிறது. கேன்டீனில் சமைக்கிறவள், அவர்களுக்குப் பசிக்காது என்று தெரிந்தும் தினமும் தட்டு வைக்கிறாள். ஒருநாள் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்கிறான். அங்கே அழுதுவிட்டேன். சுரங்க மண்ணைக் கொட்டியே மலையாக்கி, அதில் மரமும் வளர்த்திருக்கிற ஊர் எங்களுடையது. உண்டாக்குவது பெரிய விஷயமே இல்லை, அப்புறம் யார் சோறு போடுவது என்பதுதான் விஷயம் என்று குறிப்பில் எழுதினேன்.

சனிக்கிழமை என் கணவர் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அதைப் படித்துக் காட்டினேன். டாக்டரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன்.

"அந்தாளு கெட்டவன் இல்ல. பயந்துகினு ஓடனவன். கண்ணப் பாத்துட்டா அப்பறம் போவ முடியாதுன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, "நாம மட்டும் போன எடுக்கறமா?" என்றார்.

சுருக்கென்றது. கோபமும் வந்தது. "எடுத்து என்னா சொல்றது? நீங்களே சொல்லுங்களேன்."

"தெரியலியே. அதான் எடுக்கல."

மகள் அவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அதில் உட்காரப் பார்த்து உருண்டுகொண்டிருந்தாள். அந்த இரண்டும் இவளும் ஒரே நாளில் உண்டானவை. அன்றைக்கு மருத்துவமனை டாக்டர் இவளை எடுத்து எனக்குள் வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அவளைத் தூக்கவும் பயமாக இருந்தது, தூக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் நான் அந்த நாவல் டாக்டரைத் திட்டவில்லை. பேச்சு சப்பென்று இருந்ததாகப் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா சொன்னார்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இந்த முறை நானே எடுத்தேன்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க மேடம்?"

"முடிவு சொல்றதுக்கு முந்தி ஒரு தடவ வந்து பாக்கணுங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க. உறைய வச்சிருக்கற சிலிண்டர் மட்டுந்தான் வெளிய தெரியும்."

"பரவால்லங்க. சிலிண்டரையே பாக்கறோம். பொண்ணையும் கூட்டிகினு வர்றோம்."