சனிக்கிழமை முடியும்வரை

விடுப்பில் வந்திருந்த அம்மா இஸ்ரேலுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய விமானம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, அந்த நாட்டின் தெற்கே ஏவுகணை விழுந்ததாக டிவியில் செய்தி ஓடியது.

"இனி எதுக்கு டிக்கெட்டு? கேன்சல் பண்ணு," என்றார் அப்பா.

அம்மா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏறினாள்.

என் அம்மா சுமலதா, பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்தாள், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள், பிறகு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி முடித்து இஸ்ரேல் போனாள். தெற்கே பீர்ஷேபா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ரிப்கா என்ற கிழவி. கொச்சியில் பிறந்த யூதப் பெண். சிறுமியாக இருந்தபோது பெற்றோரோடு அங்கே குடியேறியவர். வயதாக ஆக அவருக்கு ஹீப்ரு மறந்துபோய், மலையாளம் மட்டும் மிஞ்சியது. பெற்ற மகனுக்கே அது புரியாது. கேரள எல்லையிலுள்ள எங்கள் பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதால் அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

போன முதல் வாரமே அம்மா ஒரு தப்புச் செய்தாள். கோழிக்குழம்பு வழித்த சட்டியில் தயிரை ஊற்றிச் சோறு பிசைந்தாள். நம் வீடுகளில் அதுதான் ருசி. அவர்களோ இறைச்சியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள். பாத்திரம்கூட வேறு வேறு. "எடீ, நீ என்றெ அடுக்கள முடிச்சு!" என்று, தன் சமையலறையையே கெடுத்துவிட்டதாக ரிப்கா கத்தினாராம். "பெத்த புள்ள பேரு மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கல பாரு," என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

மருத்துவமனைக்கு ரிப்காவையும் அம்மாவையும் காரில் கூட்டிப்போகும் சாலிம் ஓர் அரபி. அந்த வழியில் ஓர் இடத்தைக் காட்டி, அவன் தாத்தா ஆடு மேய்த்த நிலம் என்பானாம். பின்சீட்டில் ரிப்காவோ, அதே இடத்தைப் பார்த்து மலையாளத்தில், கல்லும் மண்ணுமாய்க் கிடந்ததைத் தன் அப்பாதான் தோட்டமாக்கினார் என்பாராம். அவர் பேசுவது அவனுக்குப் புரியாது. நடுவில் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு எங்கள் லயத்துக்கு வந்த மூக்கன் தாத்தா இதைக் கேட்டுவிட்டு, "சண்டை போடவாச்சும் அவங்களுக்கு ஒரு எடம் இருக்கு. என்னைய அங்க இந்தியாக்காரன்னான், இங்க சிலோன்காரன்னான்," என்றார்.

வெள்ளி சூரியன் சாய்ந்ததும் ரிப்காவின் வீட்டில் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இருட்டும்வரை யாரும் போனைத் தொட மாட்டார்கள். அம்மாவுக்குப் பதிலாக வந்திருந்த மாயா என்ற நேபாளப் பெண்ணின் போனும் அணைந்து கிடந்தது.

சனிக்கிழமை அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். மேட்டுக்கு ஏறினாள், இறங்கினாள். இங்கே இருட்டிய பிறகும் அங்கே வெயில் இருக்கும் என்பது அவளை இன்னும் படுத்தியது. "சூரியனுக்கு என்ன கேடு, சீக்கிரம் விழுந்தா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

நாங்களும் அம்மாவோடு மேட்டில் நின்றிருந்தபோது, ஒருவழியாக மாயா வீடியோவில் வந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் சைரன் ஒலித்தபோது பதுங்கும் அறைக்குப் போக ரிப்கா கட்டிலை விட்டு எழவே இல்லையாம். இழுத்ததற்கு மாயாவின் கையைக் கடித்துவிட்டாராம். அம்மாவுக்கும் மாயாவுக்கும் பொதுமொழி ஹீப்ருதான். அம்மா படபடவென்று கேட்டுவிட்டு, ஒரு வரியை மட்டும் மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள்.

"எணீக்கு அம்மச்சி, மழ வருந்நு, துணி நனயும்."

மாயா தப்பும் தவறுமாகச் சொல்ல, ரிப்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துணி எடுக்கக் கொடியைத் தேடினார். மாயா கைதட்டினாள். நாங்களும் சிரித்தோம்.

"அவ்வளவுதானே? இனி அந்தப் புள்ளையே பாத்துக்கும். நீ போக வேணாம்," என்றார் அப்பா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நான் போறேங்க," என்றாள்.

"அதான் அம்மச்சி எந்திரிச்சிருச்சே. இன்னும் எதுக்கும்மா?" என்றேன்.

"அவங்களுக்காகப் போறேன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, சசி. அங்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. சனிக்கிழமை அந்த வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்க. ஒருநாளாச்சும் இங்க நான் அடுப்பு மூட்டாம இருந்து பாத்திருக்கியா?"

"குண்டு விழுதேம்மா."

"பயமாத்தான் இருக்கு. இங்க ஆனை நிக்கிதுன்னு கொழுந்து பறிக்கப் போகாம இருந்தேனா?"

வீட்டுக்கு இறங்கியதும், ஓடிக்கொண்டிருந்த டிவியை அப்பா அணைத்தார். ஞாயிறு முழுவதும் அவர் அம்மாவோடு பேசவில்லை. எனக்கும் கோபம், இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் தனக்காக என்று அம்மா எதையும் கேட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா கூடலூர் போய், விமான நிலையத்துக்கு ஜீப் பேசிவிட்டு வந்தார்.