கிளாரினெட்டைப் படுதாப் பக்கம் திருப்பியவர்

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் செட்டின் மிருதங்கக்காரர் அந்தோணி. கோலாலம்பூரிலிருந்து காலை ரயிலில் கிள்ளானுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசலில் நின்றார். "ரெத்தினம் போயிட்டாருய்யா. காய்ச்சல்னு படுத்தவரு, எந்திரிக்கவே இல்ல" என்றார். பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு முன்னால் நிற்க இடமில்லை என்றும், ரயில்வே பட்டறை ஆட்கள் பலர் அன்று வேலைக்கே போகவில்லை என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே, நான் போனால் இவ்வளவு பேர் வருவார்களா என்றும் தோன்றியது. இதைப் படிக்கும் நீங்கள் ரெத்தினத்தை அறிந்தவர்கள். என்னையும் ஓரளவு அறிந்தவர்கள். உங்களிடம் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது?

எங்கள் செட்டில் நாலே பேர். ரெத்தினம் ஆர்மோனியம், அந்தோணி மிருதங்கம், தனலட்சுமி பாட்டு, மாணிக்கமாகிய நான் கிளாரினெட். ரெத்தினம் வருவதற்கு முன்னால் நாங்கள் வாசித்த லட்சணம் ஊருக்கே தெரியும். நாங்கள் வாசித்ததெல்லாம் சின்னச் சின்னத் தகரக் கொட்டகைகளில். நான் ஊதுவது அந்தோணிக்குக் கேட்கவில்லை என்று அவர் ஓங்கி அடிப்பார். அவர் அடி காதை அடைக்கிறதென்று நான் இன்னும் ஊதுவேன். தனலட்சுமிக்கு இனிமையான குரல், ஆனால் சிறியது. அவள் பாடுகிறாளா, வாயை மட்டும் அசைக்கிறாளா என்று முன்வரிசைக்காரர்களே முழிப்பார்கள்.

ரெத்தினம் எங்களோடு முதன்முதல் வாசித்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் கொட்டகையில். வந்தவுடன் அவர் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவில்லை. மேடைப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். இரண்டு சாக்குப் பைகளை வாங்கி வந்து, அதிர்வு அடங்க அந்தோணியின் கீழே விரித்தார். தம்முடைய ஆர்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டும் இழுப்புக் கட்டைகளில் ஒன்றை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே தள்ளினார். பிறகு என்னிடம் வந்து, "நீங்க இப்படி உட்காருங்க" என்று என் நாற்காலியைப் பக்கத்துப் படுதாவைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். ஜனங்களுக்கு என் காது மட்டும்தான் தெரியும். "என்னய்யா இது, நான் துணிக்கா ஊதணும்?" என்று கேட்டேன். "மேடையில நமக்குச் சத்தம் கொஞ்சம் பத்தாம இருந்தாத்தான் கொட்டகைக்குச் சரியா இருக்கும்" என்றார். அன்று தனலட்சுமியின் ஒவ்வொரு சொல்லும் கடைசி பெஞ்சு வரை போயிற்று. ஜனங்கள் கொண்டாடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒத்திகையில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "ஒருத்தர் சத்தத்தை ஏத்தினா எல்லாரும் ஏத்துவோம். முதல்ல ஏத்தினது யாருன்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் துருத்தியைத் தள்ளுவார். அந்தோணியும் தனலட்சுமியும் என்னைப் பார்ப்பார்கள். அவர் வாயால் ஒரு முறையாவது என் பெயரைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்காத மனிதர்.

கிள்ளானில் ஒரு மாடிக் கூடத்தில் வாசித்து முடித்தபோது, ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்தார். ரெத்தினத்தின் கையைப் பிடித்து, "பாட்டு ஒரு எழுத்து விடாம கேட்டுச்சுங்க. பெட்டின்னா இதுதான் பெட்டி" என்று உருகினார். பக்கத்தில் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "அட, நம்ம கிள்ளான்காரரு! நீங்களும் பாட்டுக் கேக்க வந்தீங்களா?" என்றார். ரெத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. "இவரு இல்லேன்னா இன்னிக்குப் பாட்டே இல்லீங்க" என்றார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை உதட்டில் கொப்புளம் வந்து என்னால் ஊத முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கொட்டகையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். நான் வழக்கமாக நுழையும் இடம் வந்தது. அந்தோணி கையைக் குறைத்தார். ஆர்மோனியம் மூச்சளவுக்கு இறங்கியது. தனலட்சுமி வாயை மூடி ஒதுங்கி நின்றாள். வருவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார் ரெத்தினம். என் பக்கத்திலிருந்தவர், "இந்த எடத்துல ஒரு கிளாரினெட்டு வருமே, எங்கே ஆளைக் காணோம்?" என்று கேட்டார். இத்தனை நாளும் ஜனங்கள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

அவர் இறந்த மாதமே அதே கொட்டகையில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரி ஒன்று இருந்தது. வேறு பெட்டிக்காரரைத் தேட எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய பெட்டிக்கு மாலை போட்டு நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்க ஆளில்லை. ஜனங்களைப் பார்த்தே போட்டுக்கொண்டேன். ஆனால் ஊத வரவில்லை. துக்கத்தில் அந்தோணி மிருதங்கத்தைத் தடவினார், நான் கிளாரினெட்டில் முனகினேன். மூன்றாவது பாட்டில், சரணம் மேலே ஏறும் இடத்தில், தனலட்சுமிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் அவள் உட்கார்ந்து அழுதிருப்பாள், கச்சேரி அதோடு முடிந்திருக்கும்.

ஊதினேன். இத்தனை வருஷமாக அடக்கி வைத்த மூச்சு முழுவதையும் விட்டு அந்தச் சரணத்தை நான் ஏறினேன். தகரம் அதிர்ந்தது. அந்தோணி திடுக்கிட்டு என் பின்னால் வந்தார். இரண்டாம் முறை ஊதும்போது தனலட்சுமி என் சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அது எனக்கு விழுந்த கைதட்டல். சந்தேகமே இல்லை.

படுதாவுக்குப் பின்னால் தனலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, பெட்டிக்கார அண்ணன் எங்கிட்ட முன்னாலேயே சொல்லியிருக்காரு. 'என்னைக்காவது மேடையில தொண்டை அடைச்சுக்கிட்டா பயப்படாதே. நம்ம நாலு பேருல மாணிக்கத்துக்குத்தான் மூச்சு ஜாஸ்தி. அப்படி ஒரு நாளைக்கு வேணும்னுதான் அவரை அடக்கி வெச்சிருக்கேன். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவரே ஊதிடுவாரு'ன்னாரு."

கிளாரினெட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆயுளில் ஒரு தடவை முழுசாக ஊதினேன். அதையும் அந்த மனிதர் எனக்கு முன்னாலேயே கேட்டு முடித்திருக்கிறார்.

அவருடைய பெட்டி அவர் வீட்டாரிடம் இருக்கிறது. அவர் பழக்கிய அடக்கம் அந்தோணியின் கையில் இருக்கிறது. அவர் கொடுத்த தைரியம் தனலட்சுமியிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அவர்மேல் எனக்கிருந்த பொறாமைதான். அவர் போன பிறகும் அது ஒரு பிடி குறையவில்லை. எங்கள் நாலு பேரிலும் அவரை அவ்வளவு உற்றுக் கேட்டவன் நான் ஒருவன்தான்.