குச்சிக்கு ஒதுங்கிய பஸ்

மதுக்கரையிலிருந்து குனியமுத்தூர் வரைக்கும் பாலக்காடு ரோட்டில் ஒரு டவுன் பஸ்ஸும் நானும் தினமும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டு போவோம். இப்போது சொல்லும்போதுதான் அது விளையாட்டு. அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெடலை மிதித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பைபாஸ் எல்லாம் இன்னும் வரவில்லை. கேரளாவுக்குப் போகிற லாரி, அங்கிருந்து வருகிற லாரி, சிமெண்ட் ஏற்றிய லாரி, டவுன் பஸ், மாட்டு வண்டி, நான் எல்லாரும் அந்த ஒரே தார் ரோட்டில்தான் போயாக வேண்டும். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்கப்புறம் புழுதி. பஸ் பின்னாலிருந்து ஏர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வரும். என் வலது முழங்கைக்கும் பஸ்ஸின் தகரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டுத் தாண்டும். தாண்டிய உடனே ஸ்டாப் வந்துவிடும். டிரைவர் அப்படியே இடது பக்கம் ஒடித்து, என் முன் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். நான் காலை ஊன்றி நிற்க வேண்டும். ஆட்கள் இறங்கி ஏறுவதற்குள் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு நான் முன்னால் போய்விடுவேன். கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். மறுபடியும் முதுகுக்குப் பின்னால் ஹாரன். அடுத்த ஸ்டாப்பிலும் இதே கதை. வழி நெடுக இப்படி முந்தி முந்திப் போன அந்த பஸ், என்னைவிடச் சீக்கிரம் குனியமுத்தூர் போய்ச் சேர்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இருவரும் ஒன்றாகத்தான் போய் நிற்போம். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

குனியமுத்தூரில் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் எனக்கு வைண்டிங் வேலை. மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிச் சொருகுகிற வேலை அது. எங்கள் செக்‌ஷனில் எல்லாரும் பெண்கள், சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு போவோம். மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு நாள் தாமதமானால் அன்றைய கூலி போகும், அடிக்கடி தாமதமானால் வேலையே போகும். பஸ்ஸிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். காலையில் எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும். முண்டியடித்து ஏறினாலும், கட்டின சேலையோடும் மானத்தோடும் இறங்குவது அவரவர் சாமர்த்தியம். கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். சைக்கிள் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் வீட்டுக்காரரும் டவுன் பஸ் டிரைவர்தான். போத்தனூர் பக்கம் ஓடுகிற பஸ். என்னை விரட்டுகிற பஸ்ஸும் அவர் ஓட்டுகிற பஸ்ஸும் ஒரே முதலாளியுடையவை. ஆகவே ரோட்டில் முடியாத சண்டை வீட்டில் தொடரும்.

"ஏனுங்க, உங்க மொதலாளி வண்டி இன்னைக்கும் என்னைய மண்ணுல எறக்கி உட்டுட்டுதுங்க" என்று சோறு போடும்போதே ஆரம்பிப்பேன்.

"நீ நடுரோட்டுல போனா அப்படித்தான்."

"நடுரோட்டுல எங்கீங்க போனேன்? ஓரத்துலதானுங்க போறேன்."

"ஓரத்துல போற சைக்கிளு எப்பத் திரும்பும்னு எவனுக்குத் தெரியும்? பின்னாடி அடுத்த வண்டிக்காரன் வந்துட்டே இருப்பான். சித்தெ அசந்தா ஸ்டாப்புல நிக்கற சனத்தையெல்லாம் அவன் ஏத்திக்கிட்டுப் போயிருவான். கலெக்சன் கொறஞ்சா மொதலாளி என்னையத்தான கேப்பாரு?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. நல்ல மனிதர். நடந்து போகும்போது எதிரே ஒரு நாய்க்குட்டி வந்தால்கூட நின்று வழிவிட்டுப் போவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ரோட்டில் அவருக்கு இரண்டே ஜாதிதான்: முன்னால் நிற்கிற சனம், பின்னால் வருகிற வண்டி. நடுவில் போகிற எங்களை எல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆடி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் சும்மா இருக்காது, ஆளையே தள்ளும். ஒரு நாள் பஸ் பக்கத்தில் வந்தபோது காற்றை மறைத்துக்கொண்டது. தாண்டிப் போனதும் அடைத்து வைத்த காற்றெல்லாம் ஒரேயடியாக வந்து அடித்தது. முன் சக்கரம் தாரை விட்டு இறங்கியது, நான் சைக்கிளோடு போய்ப் புழுதியில் விழுந்தேன். தூக்குப்போசி திறந்து சோறெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. முழங்கைத் தோல் உரிந்து ரத்தம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் அவர்தான் என்னை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்: "இன்னொருக்கா உழுந்தீன்னா சைக்கிள வித்துப்போடுவேன். சொல்லிப்போட்டேன்."

பயந்துபோய்ப் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் வயிறு எரிந்தது. தப்பு செய்தது பஸ், தண்டனை சைக்கிளுக்கா? அவர் சொன்னால் செய்கிறவர். அடுத்த தடவை விழுந்தால் சைக்கிள் போகும், சைக்கிள் போனால் வேலை போகும். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மிதித்தேன். பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினால் விழாமல் என்ன செய்வோம்?

அப்படிப் பயந்துகொண்டு போன ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்மா சைக்கிள் கேரியரில் சோளத்தட்டைக் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு போனார். மாட்டுக்கு என்று வாங்கிய தட்டு, ஆள் உயரக் காய்ந்த தண்டு. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஆடி அசைந்து, ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு போனது. என் பஸ் வந்தது. வழக்கம்போல என்னை உரசிக்கொண்டு தாண்டியது. அந்த அம்மாவை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தது. எதிரே வந்த லாரி போகும்வரைக்கும் அவர் பின்னாலேயே மெதுவாகப் போனது. பிறகு ரோட்டின் மறு ஓரம் வரைக்கும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. அதே பஸ், அதே டிரைவர்!

எனக்கு முதலில் புரியவில்லை. இந்த அம்மாவுக்கு மட்டும் என்ன மரியாதை என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அப்போதுதான் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்து முதலாளிகள் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பது பெண்ணுக்குச் சீர் செய்கிற மாதிரி. பூ, கோடு, கிளி, சாமி பேர் எல்லாம் இருக்கும். அதில் ஒரு கீறல் விழுந்தால் டிரைவர் தொலைந்தார். என் வீட்டுக்காரர் வண்டியில் ஒரு கோடு விழுந்ததற்கு முதலாளி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவர் சோறு சரியாகச் சாப்பிடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சோளத்தட்டு பட்டால் பெயிண்ட் போகும். என் முழங்கை பட்டால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூங்கில் குச்சியை வெட்டி எடுத்தேன். பிஸ்கட் டப்பா மூடியிலிருந்து ஒரு தகரத் துண்டைக் கத்தரித்து நுனியில் சுற்றினேன். கேரியரில் குறுக்காகக் கட்டினால் வலது பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் தகரம் மின்னும். பார்க்கிறவனுக்கு ஏதோ கிழித்துவிடும் போலத் தோன்றும், உண்மையில் நுனியை மடக்கித்தான் விட்டிருந்தேன். வீட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார் என்று தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் விடியும் முன்பே முதல் ட்ரிப்புக்குப் போய்விடுவார், சாயங்காலம் எனக்குப் பின்னால்தான் வருவார். அதனால் பல நாள் அவருக்குத் தெரியாது.

குச்சி நன்றாகவே வேலை செய்தது. பஸ் ஒதுங்கியது, லாரி ஒதுங்கியது, கார்கள் எல்லாரையும்விட அதிகமாக ஒதுங்கின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை. கம்பெனியில் பக்கத்து டேபிள் பெண், "ஏனக்கா, கொடி கட்டிட்டு எந்தக் கட்சி மாநாட்டுக்குப் போறீங்க?" என்று கேலி செய்தாள். அடுத்த வாரம் அவளே வந்து தகரத் துண்டு மீதி இருக்கிறதா என்று கேட்டாள்.

பிறகு ஒரு நாள் எங்கள் ரூட் டிரைவருக்குக் காய்ச்சல். காலையில் ஷெட்டுக்குப் போன என் வீட்டுக்காரரை, இந்த வாரம் நீ அந்த வண்டியை எடு என்று முதலாளி மாற்றி அனுப்பிவிட்டார். எனக்கு அது தெரியாது. பின்னால் ஹாரன் கேட்டது. வழக்கம்போல பஸ் வேகத்தைக் குறைத்து, நன்றாக ஒதுங்கி, என்னைத் தாண்டிப் போய் ஸ்டாப்பில் நின்றது. நான் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போகும்போது நிமிர்ந்து ஒரு முறை முறைப்பது என் வழக்கம். முறைத்தேன். மேலே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகரவில்லை. "அண்ணா, போலாங்ணா!" என்று கத்திவிட்டு மறுபடியும் விசில் அடித்தார். அதற்குள் நான் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்ததும் குச்சியைக் கேட்டார். டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சோளத்தட்டுக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. நுனித் தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கம்பெனிச் சட்டைய சேல மேல போட்டுட்டுப் போனா, பின்னாடியிருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்குது. நீன்னு தெரியல. குச்சியப் பாத்தேன். பெயிண்டுன்னுதான் ஒதுங்குனேன்" என்றார்.

நான் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கி வைத்தேன்.

"குச்சி இல்லீன்னா ஒதுங்கியிருக்க மாட்டேன் அம்மணி."

எத்தனையோ நாள் சாப்பாட்டு நேரத்துச் சண்டையில் நான் ஜெயிக்க ஆசைப்பட்டது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை. என் முழங்கையை உரசிக்கொண்டு போகிற பஸ்ஸில் இத்தனை நாளும் யாரோ ஒரு மூர்க்கன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதரைப் போல ஒருவர்தான் அது என்று நினைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர்தான் வந்தார், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. திங்கட்கிழமை அவர் போத்தனூர் ரூட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். விடியும் முன்பே வாசலில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனேன். என் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். புதுக் குச்சி ஒன்று வெட்டியிருந்தார். என்னுடையதைவிட நீளம். கயிறு அவிழ்ந்துவிடும் என்று பஸ் டியூப் ரப்பரைக் கீறி, அதால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். எவ்வளவு நீட்டினால் டிரைவர் ஒதுங்குவான் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்த முடிச்சைப் பார்க்க எனக்குப் பாசமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"ஏனுங்க" என்றேன். "எனக்கு நீங்க கட்டி உடறீங்க. உங்க ரூட்டுல சைக்கிள்ல போறவங்களுக்கெல்லாம் யாருங்க கட்டி உடறது?"

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் சொல்லாமல் போனாரே என்று அன்றைக்கெல்லாம் கம்பியைச் சுற்றிக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் அவர் வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அடுத்த வண்டிக்காரன் ஸ்டாப் ஸ்டாப்பாக சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டான், முதலாளி ஷெட்டில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

"வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. முன்னாடி ஒரு சைக்கிளு போயிட்டிருந்துச்சு."

சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன், "குச்சி கட்டியிருந்துதுங்களா?"

"இல்ல" என்றார்.