அண்ணன் பாதியில் விட்ட பயணம்

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. கறுப்புத் திரையில் கடல், மலை, ஓடுபாதை எல்லாமே பச்சைக் கோடுகள்தான். பைலட் ஆக ஆசைப்பட்டு, கண்பார்வைக் குறையால் அது கைகூடாமல் போன அண்ணனுக்கு அந்தக் கோடுகளே போதும். அவர் மாரடைப்பில் இறந்தபோது, பாதி வழியில் நிறுத்திச் சேமித்த பயணம் ஒன்று டிஸ்க்கில் மிச்சமிருந்தது.

மறு வருடம், தேக்காவில் கடை வைத்திருந்த நண்பர் புது மெஷினைக் காட்டினார். அதில் வானம் நீலமாகவே இருந்தது.

"பழைய டிஸ்க் இதுல ஓடாது லா. அதை விட்டுடுங்க," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வீடு திரும்பி, அண்ணனின் பயணத்தை முதன்முறையாகத் திறந்தேன். விமானம் கடல்மேல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் எதையும் தொடவில்லை. சிறிது நேரத்தில் அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. இறங்குவதற்கு முன் அண்ணன் அப்படித்தான் சாய்ப்பார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, கைய மடியில வச்சிருக்கீங்க. அப்ப யாரு ஓட்டுறா?"

"ஜாய்ஸ்டிக் லூசா இருக்கும்."

சொல்லிவிட்டுப் பார்த்தால், ஜாய்ஸ்டிக்கின் வயர் இணைக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

ஓடுபாதை தெரிந்தது. விமானம் உயரம் குறைந்து, துள்ளாமல் தரையைத் தொட்டு நின்றது. மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்: "உங்க அண்ணன் இறங்கிட்டாங்க. இனிமே புதுசு வாங்கிக்கலாம்."