முகம் இல்லாத படம்

அந்த நிருபர் மேல் எனக்குள்ள ஆத்திரம் இத்தனை வருஷம் ஆகியும் அடங்கவில்லை. என் மச்சினியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினான். அவள் எப்படிப் பாடுவாள் என்று அதில் ஒரு வரி கிடையாது. புருஷனிடம் அடி வாங்கி ஓடிவந்தவள் என்பதுதான் பத்திக்குப் பத்தி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டதற்குக் காரணமாக அவள் சொன்னதை, அவன் செய்தியாகவே ஆக்கிவிட்டான். நான் அதிகம் படித்தவன் இல்லை. படித்தவர்கள் யாராவது ஒழுங்காக எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் எழுதவில்லை. அவள் புருஷன் போன வருஷம் செத்துப் போனான். இனி நான் எழுதினால் யாருக்கும் ஆபத்தில்லை.

மச்சினி என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. நான் ஒரு பெரிய லாண்டரியில் வேன் ஓட்டினேன். ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஆபீஸ் கேன்டீன் எல்லாவற்றின் அழுக்கும் எங்களிடம்தான் வரும். அவள் இடுப்பில் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கேயே விரிப்புகளைக் காயவைத்துத் தேய்க்கிற உருளை மெஷினில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈரமான படுக்கை விரிப்பை விட வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இரண்டு பேர் நிற்பார்கள். இருவரும் ஒன்றாகக் கையை எடுக்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் விரல் வெந்துவிடும்.

மற்ற மெஷின்களில் "விடு, விடு" என்று கத்துவார்கள். இவள் பாடினாள். வரி முடிகிற இடத்தில் இரண்டு பேரும் கையை எடுப்பார்கள். அதனால் அவள் கட்டிய பாட்டெல்லாம் குட்டை வரி, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. விரிப்பு உள்ளே போகிற நேரம் அந்த இழுப்பு. பாட்டில் பெரிய சமாச்சாரம் எதுவும் இருக்காது. பஸ் தவறிப் போனது, பிள்ளையின் ஒற்றைச் செருப்பு காணாமல் போனது, இப்படித்தான். கேட்கும்போது சிரிப்பு வரும், வீட்டுக்குப் போகும்போது அதே வரி வேறு மாதிரி கேட்கும்.

"இவ இல்லாட்டி என் விரல் எப்பவோ வெந்திருக்கும். நான் இவ பாட்டை நம்பித்தான் நிக்கிறேன்" என்பாள் மறுமூலையைப் பிடிக்கிற குண்டக்கா.

போனில் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்பினாள். பதில் வராது. வந்தாலும் ஒரே பதில்தான். பாட்டுக் கம்பெனிக்காரன், "பேப்பர்ல ஏதாவது வந்திருக்கா?" என்பான். பேப்பர்க்காரன், "எந்தக் கம்பெனி உங்க பாட்டைப் போட்டது?" என்பான்.

"மாமா, இது ரெண்டு பேரும் ஒருத்தர் வீட்டுச் சாவியை ஒருத்தர் வச்சுக்கிட்டு என்னை வெளிய நிறுத்துற கதையா இருக்கு" என்று சிரித்தாள்.

ஒரு பத்திரிகை ஆபீஸ் கேன்டீனுக்கு மேசைத்துணி இறக்கும்போது என் வேனில் அவள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நின்று சிகரெட் பிடித்த நிருபர் காதில் விழுந்தது. யார் என்று கேட்டான். எங்கள் லாண்டரியில்தான் வேலை செய்கிறாள் என்றேன். மறுவாரம் கேமராவோடு வந்தான்.

பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், இடம் வேண்டாம் என்று அவள் மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவனும் தலையாட்டினான். விரித்துப் பிடித்த விரிப்புக்குப் பின்னால் அவளை நிற்கவைத்தான். படத்தில் கை மட்டும்தான் தெரியும் என்றான். குண்டக்கா மறுபுறம் பிடித்துக்கொண்டாள். எங்கள் லாண்டரியில் ஒரு பழக்கம். எந்தத் துணியைப் பிடித்தாலும் லாண்டரி பெயர் அச்சடித்த மூலை வெளியே பார்த்திருக்க வேண்டும். உள்ளே மடங்கியிருந்தால் பிரிக்கிறவர்கள் திட்டுவார்கள். குண்டக்காவின் கை, அவள் நினைக்காமலே, அந்த மூலையைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டிவிட்டது.

பேப்பர் வந்த காலையில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கூடி நின்றார்கள். குண்டக்கா தன் விரல் பேப்பரில் வந்துவிட்டது என்று ஆளாளுக்குக் காட்டினாள். இவள் மட்டும் பேப்பரை என் பக்கம் நீட்டினாள்.

"மாமா, இந்த மூலையைப் பாருங்க."

பார்த்தேன். லாண்டரியின் பெயர் ஒரு எழுத்து மங்காமல் அப்படியே இருந்தது. பக்கத்திலேயே அவள் கதை. பெயர் இல்லாவிட்டால் என்ன, அவள் புருஷனுக்கு அது போதும்.

மத்தியானம் சூப்பர்வைசர் சந்தோஷமாக வந்தார். "உனக்கு ரெண்டு போன் வந்துச்சும்மா. ஒண்ணு ரேடியோ ஸ்டேஷன். இன்னிக்கு ஆறு மணிக்கு நேரலையில பாட வரச் சொல்றாங்க. இன்னொருத்தர் பேர் சொல்லல. நீ எப்ப வெளிய வருவேன்னு கேட்டார், அஞ்சு மணிக்குன்னேன். ரசிகர் போல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டும் அவனா இருந்தா?"

அவள் ஆயுசுக்கும் காத்திருந்த போன். அது நிஜமா, பொறியா என்று தெரியவில்லை. நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேனை எடுத்தேன். ரேடியோ ஸ்டேஷனில் நிகழ்ச்சி நடத்துகிற அம்மாவே வாசலுக்கு வந்தார். "அவங்க எப்பவோ அனுப்பின அந்த ஒத்தச் செருப்புப் பாட்டை இன்னிக்கு நாலு தடவை கேட்டேண்ணே. கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். நிஜம்தான். திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

லாண்டரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் மடித்த பேப்பர். என்னைக் கண்டதும் எழுந்து வேன் ஜன்னலுக்கு வந்தான்.

"என்ன சகலை, நம்ம வீட்டு ஆளு பேப்பர்லயெல்லாம் வருது. ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ இங்க எதுக்கு வந்தே?"

"பாட்டுக் கேக்கத்தான். அஞ்சு மணிக்கு வருவாளாமே."

சிரித்தான். அடிப்பதற்கு முன்னால் அவன் சிரிப்பான் என்று அவள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நான் உடம்பில் பெரிய ஆள்தான், மூட்டை தூக்குகிறவன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வெளுத்த மூட்டைகளுக்கு நடுவே குண்டக்கா இடம் ஒதுக்கி அவளை உட்காரவைத்து, மேலே விரிப்பைப் போட்டாள். "என் கைதான்டி உன்னைக் காட்டிக்கொடுத்துச்சு" என்றாள். "உங்க கையில்லக்கா, வேலை" என்று விரிப்புக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

கேட்டைத் தாண்டும்போது அவன் குறுக்கே வந்தான். நிறுத்த வேண்டியதாயிற்று.

"மறுபடியும் லோடா, சகலை?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவன் பின்பக்கம் போனான். கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. மூட்டைகளுக்குள் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அவன் வேனின் விலாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "சரி, போங்க" என்றான். அந்தத் தட்டு என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஓரம் கட்டினேன். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு.

"ரேடியோவுக்குப் போனா என்ன ஆகும் மாமா?"

"ஆறு மணிக்கு உன் குரல் கேக்கும். ஆறரைக்கு அவன் அந்த வாசல்ல நிப்பான்."

அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வலப்பக்கம் திரும்பினால் ரேடியோ ஸ்டேஷன், இடப்பக்கம் பஸ் ஸ்டாண்ட்.

"பஸ் ஸ்டாண்டுக்கே விடுங்க. அக்காவைப் பிள்ளையைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

வேனிலிருந்தே ரேடியோக்காரம்மாவுக்குப் போன் போட்டு வர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

என் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க ஓடினாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் படியில் ஏறி நின்று, அக்கா திரும்பி வருகிறாளா என்று பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

"மாமா, யார் கேட்டாலும் அவ பாட்டை விட்டுட்டான்னு சொல்லுங்க. அவன்கிட்ட, ரேடியோக்காரங்ககிட்ட, அக்காகிட்டயும்தான். அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. பாடுறேன்னு தெரிஞ்சா அவன் பாட்டை வச்சே தேடி வருவான். நான் விட மாட்டேன். ஆனா விட்டுட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லணும்."