அப்பாவின் பையும் பிரிட்டாவின் விண்ணப்பமும்

அந்த அக்டோபரில் அமெரிக்காவின் துலூத் நகரத்தில் பிரிட்டா லண்ட்கிரெனைப் பார்த்தவர்கள், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல அலைகிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பதினேழு வயது. டாக்டராக வேண்டும். அதற்கு முதல் படியாகக் கிழக்குக் கரையில் நூறு பேர் கேட்டால் ஏழு பேருக்கு இடம் கொடுக்கும் ஒரு கல்லூரியில் நுழைய வேண்டும். நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். இடம் கொடுத்தால் வேறெங்கும் போகாமல் அங்கேயே வந்து சேருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும்.

விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்று எழுதப் பத்துக் கட்டங்கள் உண்டு. அந்தப் பத்துக் கட்டங்களை நிரப்புவதற்காகவே பிறந்து வளர்கிற பிள்ளைகளும் அந்த நாட்டில் உண்டு. அவள் வகுப்பு ட்ரெவின், பத்து நாள் குவாத்தமாலா போய் ஏழைகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அதைவிட நாற்பது மடங்கு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு தொண்டு நிறுவனமும் தொடங்கியிருந்தான். தலைவர் அவன், செயலாளர் அவன் தங்கை. உறுப்பினர்களை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

பிரிட்டாவிடம் இருந்தது, சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுவதும், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுப்பதும்தான். மாதா கோயில் விருந்தில் சூப் ஊற்றியதையும் சேர்த்து, இழுத்துப் பிடித்து ஐந்து கட்டம் நிரப்பினாள். மிச்சம் ஐந்தும் அவளை முறைத்துக்கொண்டிருந்தன. சாப்பிடும்போது அதே நினைப்பு, பஸ்ஸில் அதே நினைப்பு. ட்ரெவின் வாயைத் திறந்தாலே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் கார்மோடி. மதிப்பெண்ணெல்லாம் சரி, முதல் பாடவேளைக்கு முப்பத்தொரு நாள் தாமதம் என்று பதிவாகியிருக்கிறதே, கல்லூரிக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். வீட்டில் கொஞ்சம் வேலை என்றாள் பிரிட்டா. என்ன வேலை என்று விடாமல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

அவள் அப்பா வெர்னுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். வயிற்றில் போட்டிருக்கும் குழாய் வழியாக, நாளுக்கு மூன்று தடவை, பழைய நீரை வடித்துவிட்டுப் பையிலிருக்கும் புது மருந்து நீரை உள்ளே விட வேண்டும். குழாய் முனையை விரலோ மூச்சோ தொட்டால் போச்சு, வயிற்றுக்குள் கிருமி போய்விடும். சர்க்கரை நோயால் அவருக்கு விரல் நுனிகளில் உணர்ச்சியே கிடையாது. அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு அரிசோனா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆகவே விடியற்காலையும், சாயங்காலம் நாலு மணிக்கும், படுக்கப் போகும் முன்பும், ஜன்னலை மூடி, முகக்கவசம் கட்டி, முழங்கை வரை கழுவி, குழாயை மாட்டுவது பிரிட்டாதான். இரண்டு வருடமாக.

மிஸ் கார்மோடி விண்ணப்பத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். "டாக்டருக்குப் படிக்கணும்கிற பொண்ணு நீ. இத ஏன்மா எங்கயுமே எழுதல?"

"அது வீட்டு வேலைதானே மிஸ்."

அந்த ஊர்க்காரர்களின் வியாதியே இதுதான். கை உடைந்தால்கூட இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கையால் பனியை வாரப் போவார்கள். தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது அவர்களுக்குப் பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவது மாதிரி. சூப் ஊற்றியதை எழுதத் தோன்றிய பெண்ணுக்கு இது தோன்றவேயில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். கட்டத்தில் மட்டுமல்ல, விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினாள். இரண்டு வருடம் அடைத்துவைத்தது மடை திறந்தாற்போல் வந்தது. 'என் கைகள் இல்லாவிட்டால் என் அப்பாவுக்கு ஒரு நாள்கூட ஓடாது' என்று முடித்திருந்தாள். இந்தக் கடைசி வரிக்காகவே இடம் கொடுப்பார்கள், இதில் மட்டும் கை வைக்காதே என்றார் மிஸ் கார்மோடி.

அப்பாவைப் பற்றி எழுதிவிட்டு அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப முடியுமா? படிக்கக் கொடுத்தாள். வெர்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். அனுப்பு என்றார். எழுந்து போய்ப் பின்பக்கக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார். அந்தக் கீல் சத்தம் போட்டதேயில்லை.

ஆனால் பிரிட்டா அனுப்பவில்லை. காற்புள்ளியை எடுப்பாள், மறுபடி வைப்பாள். மிஸ் கார்மோடி தினமும் கேட்டார், அவள் தினமும் ஒரு சாக்குச் சொன்னாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம். அந்தக் கடைசி வரி உண்மையானால், தன்னை உள்ளே சேர்க்கப்போகிற அதே வரிதான் அப்பாவை அம்போவென்று விட்டுவிட்டுப் போகவும் வைக்கும். ஆகஸ்டில் கல்லூரி திறந்துவிட்டால், ஆயிரத்து ஐநூறு மைல் தள்ளியிருந்து யாருக்குக் குழாய் மாட்டுவது? அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம் முடிவு செய்துவிட்டாள். உள்ளூரிலும் கல்லூரி இருக்கிறது. முடிவெடுத்தும் மனசு ஆறவில்லை, எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்கு அலாரம் அடித்து எழுந்து வந்தால், சமையலறையில் விளக்கு எரிந்தது. அப்பா முகக்கவசம் கட்டி, ஜன்னலை மூடி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பை கொக்கியில் தொங்கியது. குழாய் மாட்டியாகிவிட்டது. குப்பைத் தொட்டியில் மூன்று பைகள் கிடந்தன.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன காரியம் இது, ஏதாவது ஆகியிருந்தால் என்று சண்டைக்குப் போனாள். குழாய் முனை எங்கேயாவது பட்டதா, பொய் சொல்லக்கூடாது என்று மிரட்டினாள்.

"மூணு தடவ பட்டுச்சு. மூணையும் தூக்கிப் போட்டுட்டேன், முனையையும் நர்ஸ் சொன்ன மாதிரி மருந்துல ஊறவெச்சேன். நாலாவது சரியா வந்துச்சு." நீ பள்ளிக்குப் போன நேரத்தில் இரண்டு வாரமாக டயாலிசிஸ் மையத்துக்குப் போய் நர்ஸிடம் பழகினேன் என்றார். குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருந்தார்கள். விரலில் தெரியாததைக் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றார். விடியும் முன் நாலு மணிக்கே எழுந்திருந்தார் போலிருக்கிறது.

பிரிட்டா அவர் எதிரில் உட்கார்ந்தாள். இந்த வேலையிலிருந்து ஒரு நாள் விடுதலை கிடைக்காதா என்று எத்தனை காலை ஏங்கியிருக்கிறாள். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை. யாரோ தன்னை வேலையை விட்டு நீக்கியதுபோல் வலித்தது.

பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். கடைசி வரியை அழித்தாள்.

"என்ன அழிக்கிற?"

"இது இனிமே உண்மை இல்லப்பா."

"அந்த டீச்சரம்மா அதுதான் முக்கியம்னாங்களே."

"ஆமா." அந்த வரி இல்லாமல் கட்டுரை மொட்டையாக நின்றது. இடம் கிடைக்காமலே போகலாம். அவளுக்குத் தெரியும். அப்படியே அனுப்பிவிட்டாள்.

பை காலியாகிக்கொண்டிருந்தது. வெர்ன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்காமலே பேசினார்.

"காலையும் ராத்திரியும் நான் பாத்துக்கறேன். நாலு மணிப் பைய மட்டும் உனக்கு விட்டு வெக்கிறேன். ஆகஸ்ட் வரைக்கும்."